ஆட்ட மேசையில் ஒட்டாத நண்பரை என்ன செய்வது?

வாரம் தவறாமல் கூடிப் போர்டு கேம் ஆடும் எந்தக் குழுவிலும் ஒரு நாள் இந்தப் பேச்சு எழும். ஆட்டம் முடிந்து ஒருவர் மட்டும் முன்னதாகக் கிளம்பியிருப்பார். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று பேசுவார்கள். "அவன் வந்தால் ஆட்டமே சரிப்படுவதில்லை." "ஆனால் நல்லவன்." "அவனிடம் யார் சொல்வது?" அதோடு பேச்சு முடிந்துவிடும். சில வாரங்கள் கழித்து, அந்த ஒருவர் மட்டும் இல்லாத புதிய வாட்ஸ்அப் குழு ஒன்று முளைத்திருக்கும். இதைவிடக் கோழைத்தனமான முடிவு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் புதிய குழு முளைப்பதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

கோவையில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிறோம். பெரும்பாலும் போர்டு கேம்கள். மாதம் ஒருமுறை டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டம். அதை நடத்துபவள் நான். என் கல்லூரித் தோழிகள், கணவரின் அலுவலக நண்பர்கள், எதிர் வீட்டுத் தம்பி, அவன் அழைத்துவரும் கல்லூரி மாணவர்கள் என்று பல வயதினர் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் நிலைத்தார்கள், சிலர் விலகினார்கள். விலகியவர்களில் பெரும்பாலோர் இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள். யோசித்து, நேரம் செலவழித்து, முகத்துக்கு நேராகப் பேசியதால்தான் அந்த உறவுகள் நின்றன.

நட்பு வேறு, மேசையில் ஓர் இடம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் இழுத்தாலும் வலிக்கும். நண்பர் என்பதற்காகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அந்த இடம் அவருக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அவரை வாழ்க்கையிலிருந்தே அனுப்பிவிட வேண்டியதும் இல்லை. ஆனால் இந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆட்டத்தைப் பாருங்கள்

"அவர் ஒட்டவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த ஆட்டத்தில்?" என்றுதான். அடுத்து, "எத்தனை மணிக்கு?" இரண்டாவது கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் குழுவில் பொள்ளாச்சியிலிருந்து வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் நிலைகொள்ளாமல் தவிப்பார். யோசிக்காமல் காயை நகர்த்துவார். தோற்பதைப் பற்றிக் கவலையே படமாட்டார். அவருக்கு அக்கறை இல்லை என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டும் என்ற கவலைதான் அவரை அப்படி ஆட்டிவைத்தது. நாங்கள் அப்போது டெராஃபார்மிங் மார்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம். பெட்டியின் மேல் 120 நிமிடம் என்று போட்டிருக்கும்; ஐந்து பேர் ஆடினால் அதற்குள் முடியாது. அவர் வரும் வாரங்களில் நீண்ட ஆட்டத்தை மாலை நான்கு மணிக்கே தொடங்கினோம், அல்லது கார்கசோன் போல ஒரு மணி நேரத்துக்குள் முடிவதை எடுத்தோம். அந்த மனிதர் ஒரு நகர்வுக்கு எவ்வளவு ஆழமாக யோசிப்பவர் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொரு தோழிக்கு 'கேட்டான்' (Catan) என்ற ஆட்டம் ஆகவே ஆகாது. 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்த, கிளாவ்ஸ் டாய்பர் வடிவமைத்த ஆட்டம் அது. போர்டு கேம் ஆடத் தொடங்குபவர்களில் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். பகடையில் 7 விழுந்தால், கையில் ஏழு அட்டைகளுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்கிறார். பகடை உருட்டியவர் திருடன் காயை நகர்த்தி, பக்கத்தில் வீடு வைத்திருப்பவரிடமிருந்து ஓர் அட்டையைப் பறிக்கிறார். முன்னணியில் இருப்பவரை எல்லோரும் சேர்ந்து குறிவைப்பது அங்கே சாதாரணம். என் தோழியோ தன்னிடமிருந்து அட்டையைப் பறித்தவரைப் பார்த்து, "நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று உண்மையாகவே கேட்பாள். மேசை முழுவதும் இறுகிவிடும்.

அவளைத் திருத்த நான் முயலவில்லை. பாண்டமிக் பெட்டியை எடுத்தேன். மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வந்த ஆட்டம். நான்கு நோய்கள் உலகம் முழுவதும் பரவுகின்றன. இரண்டு முதல் நான்கு பேர் ஒரே அணியாக நின்று அவற்றுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். வென்றால் எல்லோரும் வெல்வார்கள், தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். பலகையில் சென்னையும் ஒரு நகரம் என்பது அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி. யாரும் யாரிடமிருந்தும் பறிக்காத மேசையில் அவள் முற்றிலும் வேறு ஆளாக இருந்தாள்.

ஆனால் அதே பாண்டமிக் வேறொருவரைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆட்டத்தில் எல்லாத் தகவலும் பலகையிலேயே திறந்து கிடக்கிறது. அதனால் கணக்கில் கூர்மையான ஒருவர் நான்கு பேருக்கும் சேர்த்து யோசித்துவிட முடியும். கணவரின் நண்பர் ஒருவர் அப்படித்தான். "நீங்கள் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் போங்கள், நீ அந்த அட்டையை அவளிடம் கொடு, நான் அடுத்து வருகிறேன்." சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் சிக்கல். மற்ற மூன்று பேரும் அவருடைய கைகளாக மட்டும் இருந்தார்கள். கூட்டாக ஆடும் விளையாட்டுகளில் உலகெங்கும் ஆட்டக்காரர்கள் புலம்பும் தொல்லை இது.

இதற்கு மருந்து ஆட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஹனபி என்ற சிறிய அட்டை ஆட்டம் 2013-இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த ஆட்ட விருதைப் பெற்றது. அதில் உங்கள் அட்டைகளை நீங்கள் பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்குத் தெரியும்படி வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அவர்கள் தரும் அளவான குறிப்புகளை வைத்துத்தான் நீங்கள் ஆட முடியும். எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் தன் கையில் இருப்பதை அறிய அடுத்தவரை நம்பியே ஆக வேண்டும். 2019-இல் வந்த 'தி க்ரூ' இன்னும் இறுக்கமானது. ஒரு சுற்றில் ஒருவர் தன் கையில் இருக்கும் அட்டைகளைப் பற்றி ஒரே ஒரு தகவலைத்தான் மேசையில் வைக்கலாம். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான விதியே பேச்சைக் கட்டுப்படுத்தும்போது, "கொஞ்சம் பேசாமல் இருங்கள்" என்று ஒரு மனிதரைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் தலைக்குனிவு இல்லை. எங்கள் நண்பர் ஹனபியை விரும்பத் தொடங்கிவிட்டார். பாண்டமிக் எடுக்கும் வாரங்களில்கூட இப்போது முன்பைவிடப் பொறுமையாக இருக்கிறார்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் குழுக்களில் இது பெரிய விஷயம், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோட்நேம்ஸில் மேசைமேல் 25 ஆங்கிலச் சொற்கள் பரப்பப்படுகின்றன. ஒரே சொல்லைக் குறிப்பாகச் சொல்லித் தன் அணியை மூன்று நான்கு சொற்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது பொருளை அறிந்தவருக்கே அது இனிக்கும். தமிழ்வழியில் படித்த நண்பர் ஒருவர் அந்த மேசையில் மாலை முழுவதும் புன்னகையோடு வாய் திறக்காமல் இருந்தார். "அவருக்கு இதில் ஆர்வம் இல்லை போலிருக்கிறது" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு கோபத்தையே தந்தது.

அட்டையை வெட்டித் தமிழ்ச் சொற்களை எழுதி ஒரு கட்டு தயாரித்தோம். திங்கள், மாலை, மதி, படி, ஆறு, கலை, நகை, வேங்கை, அணை, பார். இரட்டைப் பொருள் தரும் சொற்களுக்கு நம் மொழியில் பஞ்சமே இல்லை. அந்த நண்பர் "அந்தி, மூன்று" என்று குறிப்புக் கொடுத்தபோது திங்கள், மதி, மாலை மூன்றையும் அவருடைய அணி தொட்டுவிட்டது. இப்போது எந்த அணிக்கு அவர் என்பதற்கே போட்டி நடக்கிறது. சொற்களே இல்லாத ஆட்டங்களும் உண்டு. டிக்ஸிட்டில் 84 ஓவிய அட்டைகள். குறிப்பை எந்த மொழியிலும் சொல்லலாம், பழமொழியாகவோ ஒரு பாட்டின் முதல் அடியாகவோகூட. அஸூலில் வண்ண ஓடுகள் மட்டுமே. ஆனால் விங்ஸ்பேன் போன்றவற்றில் பெரும்பாலான பறவை அட்டைகளில் ஆங்கிலத்தில் ஒரு விதி அச்சாகியிருக்கும். அதை எடுப்பதற்கு முன், எல்லோராலும் சிரமமின்றிப் படிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

சின்னச் சின்னக் காரணங்களும் இருக்கும். எண்ணெய்க் கையோடு அட்டையைத் தொடுகிறார் என்பதற்காக ஒருவர்மீது மாதக்கணக்கில் எரிச்சல் சேர்ந்த கதை எனக்குத் தெரியும். அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். மிக்ஸருக்குப் பதில் பொட்டுக்கடலையும் பேரீச்சம்பழமும் வையுங்கள். இதையெல்லாம் பேச்சுவார்த்தையாக்க வேண்டாம்.

கதை ஆடும் மேசை

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. அங்கே வெற்றி தோல்வி கிடையாது. ஒருவர் கதை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடக்கிறார்கள், இருபது முகப் பகடை பல நேரங்களில் விளைவைத் தீர்மானிக்கிறது. வெல்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஆசையோடு வந்து உட்கார்கிறார்கள். ஒருவருக்குச் சண்டை வேண்டும். ஒருவருக்குச் சத்திரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும். மற்றொருவர் நண்பர்களோடு சிரிப்பதற்காகவே வருகிறார். கதையில் என்ன நடந்தாலும் அவருக்குச் சம்மதம். போர்டு கேமில் பொருந்திய ஒருவர் இங்கே பொருந்தாமல் போவது மிகவும் இயல்பு.

கதை தொடங்குவதற்கு முன் ஒரு மாலையைப் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். ஆட்டக்காரர்கள் இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். எத்தனை வாரம் ஆடப்போகிறோம், எத்தனை மணிக்கு நிறுத்துவோம், இந்தக் கதையில் எது இருக்கும், எது இருக்கவே கூடாது என்பதையெல்லாம் அன்றே பேசிவிட வேண்டும். என் மேசையில் மாறாத விதி ஒன்று உண்டு: சக ஆட்டக்காரரின் பாத்திரத்திடமிருந்து திருடக் கூடாது, அதைத் தாக்கக் கூடாது. திருடன் பாத்திரம் எடுத்த மாணவன் ஒருவன், தூங்கிக்கொண்டிருந்த தன் தோழரின் பையைத் துழாவிவிட்டு, "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்றான். அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதே அவன்தான். நண்பர்களிடம் திருடாத திருடனையும் அவனால் உருவாக்க முடியும். இதை ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பெயர் சொல்லி அழைத்து, நேரடியாகச் சொன்னேன். சிலர் அடுத்த காட்சியில் அவன்மேல் ஒரு டிராகனை ஏவிவிட்டிருப்பார்கள். அது வேண்டாம். கதைக்குள் தண்டித்தால், தண்டனை என்றே அவனுக்குப் புரியாமல் போகலாம். புரிந்தால் பழிவாங்கத் தோன்றும். மனிதர்களுக்கிடையே இருக்கும் சிக்கலை மனிதர்களாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு என்ற முறையையும் பரிந்துரைக்கிறேன். ஓர் அட்டையில் பெருக்கல் குறி வரைந்து மேசையின் நடுவே வையுங்கள். கதையில் வரும் ஏதாவது ஒன்று யாருக்காவது தாங்க முடியாததாக இருந்தால் அந்த அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதை அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஒட்டாதவர் என்று நீங்கள் நினைக்கும் ஒருவர் உண்மையில் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கலாம். உங்கள் கதையில் ஒவ்வொரு வாரமும் யாராவது செத்துக்கொண்டிருக்கலாம்.

ஆட்டத்தையும் விதியையும் மாற்றியும் போதவில்லை என்றால், அந்த நண்பருக்கு ஒரு பொறுப்புக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நகர்விலும் விதி பேசி ஆட்டத்தை நிறுத்துபவரிடம் விதிப் புத்தகத்தையே ஒப்படையுங்கள். கேட்கும்போது மட்டும் அவர் சொல்ல வேண்டும். மற்ற வாதங்களை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சண்டைக் காட்சிகளில் மட்டும் உயிர்பெறும் ஒருவரை நான் என் பக்கத்தில் உட்காரவைத்து அரக்கர்களை அவரையே நடத்தச் சொன்னேன். தந்திரமாக நடத்தினார்; மற்ற ஆட்டக்காரர்கள் முதல்முறையாக உண்மையில் பயந்தார்கள். எனக்கும் கதையைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

பேச வேண்டிய பேச்சு

பேச்சு தேவைப்படும் இடம் வரும். யார் அவரை அழைத்து வந்தாரோ அவர் பேச வேண்டும். வீட்டுக்காரர் என்பதால் எல்லாம் என் தலையில் விழக் கூடாது. ஒருவர் குழுவில் வாய் பலமானவர் என்பதற்காக அவரிடமும் தள்ளிவிடக் கூடாது. அழைத்தவருக்குத்தான் அந்த உரிமையும் கடமையும் இருக்கின்றன.

தனியாகப் பேசுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில், இரவு பதினொரு மணிக்குக் களைத்த தலையோடு வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுத்தில் குரல் கேட்காது, அது பத்துப் பேருக்குப் போய்ச் சேரும். அந்த வாரத்துக்குள்ளேயே ஒரு மாலை, ஒரு காபிக்கு அழைத்துப் போய்ப் பேசுங்கள். ஒரு மாதம் விட்டுவிட்டால், "இவ்வளவு நாள் மனதில் வைத்துக்கொண்டா என்னோடு சிரித்தீர்கள்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது.

குணத்தைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். "நீங்கள் எப்போதும் அதிகாரம் செய்கிறீர்கள்" என்று சொன்னால் வாக்குவாதம்தான் வரும். கணவர் தன் நண்பரிடம் சொன்னது இப்படி: "போன சனிக்கிழமை தம்பி யோசித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை நீங்களே அவன் காயை நகர்த்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. அடுத்த முறை அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்." நடந்தது என்ன, அதனால் என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தன. நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் வருத்தப்பட்டானா?" என்று கேட்டார். அவர் கவனிக்கவே இல்லை. கவனிக்காதவர்கள்தான் நம்மிடையே அதிகம். வேண்டுமென்றே கெடுப்பவர்கள் மிகக் குறைவு.

"எல்லோருக்கும் உங்களால் சிரமம்" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கேட்பவர் அன்றிரவு தூங்கமாட்டார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து, யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கணக்குப் போடுவார். "நான் பார்த்தேன், நான் சொல்கிறேன்" என்று உங்கள் பெயரிலேயே பேசுங்கள்.

வயதில் மூத்தவர் என்றால் வழி கொஞ்சம் மாறும். என் சித்தப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு ஆட வந்தார். அடுத்தவர் முறையின் நடுவே பழைய கதையொன்றை ஆரம்பித்துவிடுவார். மரியாதைக்காக எல்லோரும் கேட்பார்கள், ஆட்டம் அப்படியே நிற்கும். "சித்தப்பா, நீங்கள் கதை ஆரம்பித்தால் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு உங்கள் வாயையே பார்க்கிறார்கள். சாப்பிடும் நேரத்தில் சொல்லுங்கள், நானும் நிதானமாக உட்கார்ந்து கேட்கிறேன்" என்றேன். சாப்பாட்டு இடைவேளையை நீட்டினோம். அந்த நேரத்தில் அவர் தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து ஆடு புலி ஆட்டத்துக்கு ஆள் தேடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு, இரண்டே பேர், சீக்கிரம் முடிந்துவிடும். ஆடுகளை வைத்துக்கொண்டு அவர் புலிகளை அடைக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளவே மாணவர்கள் முன்னதாக வருகிறார்கள்.

பேசிய பிறகு அவகாசம் கொடுங்கள். மூன்று நான்கு சனிக்கிழமைகளாவது வேண்டும். மாறியிருந்தால், மாறியதைக் கவனித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொல்ல மறப்பவர்கள் அதிகம்.

இந்த அவகாசத்தில் இன்னொன்றையும் பாருங்கள். புகார் எப்போதும் ஒரே ஆளிடமிருந்துதான் வருகிறதா? மற்றவர்கள் வெறுமனே தலையாட்டுகிறார்களா? பழைய நண்பர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும் நகைச்சுவையில் மூழ்கிக் கிடக்கும் மேசையில் எந்தப் புதியவரும் ஒட்டமாட்டார். அங்கே திருந்த வேண்டியது குழுதான்.

இடம் இல்லை என்று சொல்வது

எல்லாம் செய்தும் சரிப்படாமல் போகலாம். அவருக்கும் மகிழ்ச்சி இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை. அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

தெளிவாகச் சொல்லுங்கள். "கொஞ்ச நாள் ஆட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று பொய் சொன்னால், அடுத்த வாரமே யாரோ ஒருவர் போட்ட புகைப்படத்தில் அவர் உங்கள் மேசையைப் பார்ப்பார். கோவை சின்ன ஊர். காந்திபுரத்தில் சொன்ன பொய் பீளமேட்டுக்கு நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். என் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் நான் சொன்னது: "சனிக்கிழமை மேசை உனக்குச் சரிப்படவில்லை. நீ சலித்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆட்டமும் நடுவில் நின்றுவிடுகிறது. இந்த மாதத்தோடு ஆட்டத்தை விட்டுவிடலாம். ஞாயிறு காலையில் ரேஸ் கோர்ஸில் நாம் நடக்கப் போவது அப்படியே இருக்கட்டும். இந்த ஞாயிறும் வருகிறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லாமல் இதைச் சொல்லாதீர்கள். "நாம் எப்போதும் நண்பர்கள்தான்" என்பது காற்றில் போகும் பேச்சு. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்துக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும், மழை பெய்தாலும்.

"யார் சொன்னது?" என்று அவர் கேட்பார். பெயர் சொல்லாதீர்கள். "நான் சொல்கிறேன்" என்பது போதும். கோபப்படலாம், அழலாம், எழுந்து போகலாம். அந்த நிமிடத்தில் மனம் இளகி, "சரி, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று பின்வாங்கினால் அடுத்த மாதம் இதே வேதனையை இரண்டு பேரும் மறுபடி அனுபவிக்க வேண்டிவரும். சொன்னதில் நில்லுங்கள், குரலை உயர்த்தாமல். இரண்டு மூன்று நாள் கழித்து நீங்களே அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் மறுவாரம் அழையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீங்களாக நீக்காதீர்கள். அதைப் பார்க்கும்போது ஏற்படும் வலி, நீங்கள் நேரில் எவ்வளவு கனிவாகப் பேசியிருந்தாலும் அதை அழித்துவிடும். அவரே விலகட்டும். இதற்காகவே, குழு தொடங்கும்போதே ஆட்டத்துக்கு ஒன்று, நண்பர்களின் பொதுப்பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு குழுக்கள் வைத்திருப்பது நல்லது. ஒன்றிலிருந்து விலகினாலும் பிறந்தநாள் வாழ்த்தும் சினிமாப் பேச்சும் மற்றொன்றில் தொடரும்.

பணக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். சேர்ந்து வாங்கிய ஆட்டம் இருந்தால் அவர் பங்கைத் திருப்பிக் கொடுங்கள். அவர் கொண்டுவந்த பெட்டிகளை அட்டைகளை எண்ணிச் சரிபார்த்து ஒப்படையுங்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அவருடைய பாத்திரத்தைக் கொன்றுவிடாதீர்கள். அது தன் ஊருக்குத் திரும்பிப் போகட்டும், ஒரு நிலமோ ஒரு சத்திரமோ வாங்கி அங்கே வாழட்டும். பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளை அவரிடமே கொடுங்கள். மாதக்கணக்கில் அவர் வளர்த்தது அது.

மற்றவர்களுக்கு ஒரே வாக்கியம்: "அவர் இனி சனிக்கிழமை வரமாட்டார், நான் அவரிடம் பேசிவிட்டேன்." அதற்கு மேல் வாசலில் நின்று பேச அனுமதிக்காதீர்கள். அவருக்கு நெருக்கமான இன்னொருவரும் சேர்ந்து விலகக்கூடும். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பொறுக்கக் கூடாதவை

இதுவரை சொன்ன பொறுமை எல்லாம் பொருத்தமின்மைக்கு மட்டுமே. பெண்களைப் பார்த்துக் கூசும்படி பேசுவது, தொடுவது, சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுவது, குடித்துவிட்டு வருவது, தோற்றால் கையை ஓங்குவது ஆகியவற்றுக்கு அவகாசம் கிடையாது. அன்றே, அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்தி, அவரை வெளியே அனுப்புங்கள். "அவன் அப்படித்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டான்" என்று பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வேலையை யாரும் செய்யக் கூடாது. எங்கள் மேசையில் பத்தொன்பது வயதுப் பெண்கள் உட்காருகிறார்கள். அவர்கள் பெற்றோர் என்னை நம்பி அனுப்புகிறார்கள். அங்கே என் பழைய நட்பு எதுவும் பெரிதில்லை.

புதியவரை அழைக்கும்போது

காலியான இடத்தை அடுத்த வாரமே நிரப்பிவிடாதீர்கள். போனவர் காதுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று யோசியுங்கள். கொஞ்ச நாள் ஓர் ஆள் குறைவாகவே ஆடலாம். நல்ல ஆட்டங்கள் பலவற்றுக்கு நான்கு பேரே போதும். ஏழு பேர் சேர்ந்தால் ஒருவர் முறை வருவதற்குள் மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள்.

புதியவரை நான் நேரடியாக மாதாந்தரக் கதைக்கு அழைப்பதில்லை. முதலில் ஒரு மணி நேர ஆட்டத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறேன். "மூன்று சனிக்கிழமை வந்து பாருங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு வேண்டுமா என்று நீங்களும் யோசியுங்கள், நாங்களும் யோசிக்கிறோம். இரண்டில் எது என்றாலும் நான் உங்களிடம் நேரில் சொல்லிவிடுவேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எந்த பஸ், எந்த மொழியில் ஆடினால் சுலபம், எந்த மாதிரி ஆட்டம் பிடிக்காது என்பதையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.